இரண்டு எண்ணில் ஒரு நாள்

நாளிதழில் வானிலைக் கட்டத்தைப் பாருங்கள். ஊர்ப் பெயருக்கு எதிரே இரண்டே எண்கள் இருக்கும்: அதிகபட்சம் 36, குறைந்தபட்சம் 27. காலை பத்து மணிக்கு எவ்வளவு, நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு எவ்வளவு என்பது அதில் கிடையாது. ஆனால் தோட்டத்தில் புழு எப்போது முட்டையிலிருந்து வெளிவரும் என்று கணிக்கிறவருக்கு மணிக்கு மணி வெப்பநிலை தெரிந்தாக வேண்டும். கட்டடத்துக்குக் குளிர்சாதனம் எவ்வளவு தேவை என்று கணக்குப் போடும் பொறியாளருக்கும் அப்படியே. இவர்களுடைய கணினி அந்த இரண்டு எண்களை வாங்கிக்கொண்டு இருபத்து நான்கு எண்களைத் திருப்பித் தருகிறது.

அந்த வேலையைச் செய்வது பள்ளிக்கூடத்தில் படித்த சைன் வளைவு. வட்டத்தையும் முக்கோணத்தையும் அளக்கப் பிறந்த கணக்கு காற்றின் சூட்டுக்கு எப்படி வந்தது? இதைச் செய்தவர் இன்னார் என்று ஒரே பெயரைச் சொல்லிவிட முடியாது. வானியலாளர், பாதிரியார், கோட்டைக் காவலர், தையற்காரர் மகன் என்று பலர் கை வைத்த வேலை இது. அவர்களில் பெரிய கணித மேதைகள் உண்டு. ஆனாலும் இதன் பாரத்தைச் சுமந்தவர்கள், இரவில் எழுந்து போய் வெப்பமானியைப் பார்த்து எழுதி வைத்தவர்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் வளைவு என்ன என்பதைப் பார்த்துவிடலாம். திருவிழா ராட்டினம் ஒன்று ஒரே சீரான வேகத்தில், 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு தொட்டில் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று மணிக்கு ஒருமுறை குறித்து, புள்ளிகளைச் சேர்த்து வரைந்தால் கிடைப்பதே சைன் வளைவு. ராட்டினத்தின் அச்சு இருக்கும் உயரம் அன்றைய சராசரி வெப்பநிலை. ஆரக்காலின் நீளம் வீச்சு, அதாவது சராசரியிலிருந்து மேலேயும் கீழேயும் போகும் அளவு. தொட்டில் எந்த நேரத்தில் உச்சிக்கு வருகிறது என்பது மூன்றாவது செய்தி. குறைந்தபட்சம் 24, அதிகபட்சம் 34, உச்சம் பிற்பகல் 3 மணி என்றால் சராசரி 29, வீச்சு 5. காலை 9 மணிக்கும் இரவு 9 மணிக்கும் வெப்பநிலை 29 ஆக இருக்கும். விடியற்காலை 3 மணிக்கு 24 ஆகும். விடியற்காலை 3 மணியா மிகக் குளிர்ந்த நேரம், சூரியன் எழும் நேரம் அல்லவா என்று கேட்பவர் சரியான இடத்தில் கை வைக்கிறார். அந்தக் கேள்விக்கான பதில் பின்னால் வரும்.

சூட்டுக் கணக்கில் சைன் நுழைந்தது வெயில் வழியாக. 1693-இல் எட்மண்ட் ஹாலி, வால்வெள்ளிக்குப் பெயர் தந்த அதே ஹாலி, லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சாய்ந்து விழும் வெயில் அதே பரப்பு நிலத்துக்குக் குறைவான சூட்டையே தருகிறது. எவ்வளவு தருகிறது என்பது சூரியன் அடிவானத்திலிருந்து எழும்பியிருக்கும் கோணத்தின் சைனைப் பொறுத்தது என்பது அவர் வாதம். அதை வைத்து, பல அட்சரேகைகளில் ஒரு நாள் முழுக்கக் கிடைக்கும் வெயிலைக் கூட்டிப் பார்த்தார். இது வெயிலின் கணக்கு மட்டுமே. காற்று அந்த வெயிலை வாங்கி என்ன செய்கிறது என்பதை இது சொல்லாது.

அடுத்த அடி ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் விழுந்தது. டோபியாஸ் மாயர் அங்கே வானியலாளர். நிலவின் இயக்கத்துக்குத் துல்லியமான அட்டவணைகள் போட்டுப் புகழ்பெற்றவர். 1755-ஐ ஒட்டி, வெப்பமானியின் ஏற்ற இறக்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வானியலாளர்கள் கோள்களுக்குச் செய்வதை வெப்பத்துக்கும் செய்யலாம் என்றார் அதில்: முதலில் சராசரியைப் பிடி, பிறகு திருத்தங்களை ஒவ்வொன்றாகச் சேர். மாயர் 1762-இல் இறந்தார். கட்டுரை 1775-இல்தான் அச்சேறியது.

பஞ்சாங்கக் கணிதம் அறிந்தவர்களுக்கு இந்த வழி அந்நியமாகத் தோன்றாது. கோளின் சராசரி இடத்தை முதலில் கண்டு, அதோடு ஒரு சைன் திருத்தம் சேர்த்து உண்மையான இடத்தைப் பிடிப்பதே நம் வானியல் சித்தாந்த நூல்களின் அடிப்படை. 499-ஐ ஒட்டி ஆரியபட்டர் எழுதிய நூலிலேயே அதற்கான அட்டவணை, 3 பாகை 45 கலை இடைவெளியில் 24 மதிப்புகளாக இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் எதையும் வட்டத்தில் வைத்துக் கணக்கிடலாம் என்ற அறிவு பல நாடுகளுக்கும் பொதுச் சொத்தாக இருந்தது. வெப்பநிலைக்கு அதைப் பயன்படுத்த ஒன்றுதான் குறை: அளவுகள் இல்லை.

அளவுகளை ஊர் ஊராகச் சேர்க்கும் முதல் பெரிய முயற்சி 1780-இல் மான்ஹைம் நகரில் தொடங்கியது. அந்தப் பகுதியின் ஆட்சியாளர் கார்ல் தியோடர் பணம் கொடுத்தார். அரண்மனைப் பாதிரியார் யோகான் யாக்கோப் ஹெம்மர் வேலையை நடத்தினார். ஒரே மாதிரி செய்து சரிபார்த்த வெப்பமானிகளையும் காற்றழுத்தமானிகளையும் ஐரோப்பா முழுவதும் மடங்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் இலவசமாக அனுப்பினார். கூடவே ஒரு கட்டளை: எல்லோரும் காலை 7 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 9 மணி ஆகிய மூன்று வேளைகளில் பார்த்து எழுத வேண்டும். பவேரியாவின் ஹோஹன்பைசன்பர்க் மலையில் துறவிகள் 1781-இல் தொடங்கிய பதிவு இன்றுவரை தொடர்கிறது. ஹெம்மர் 1790-இல் இறந்தார், போர் வந்தது, மான்ஹைம் முயற்சி நின்றது. ஆனால் அந்த மூன்று வேளைகள் மட்டும் நிலைத்துவிட்டன.

ஏன் இந்த மூன்று? மனிதர் விழித்திருக்கும் நேரம் என்பதே முதல் காரணம். இரவு 9 மணிக்கும் காலை 7 மணிக்கும் நடுவே பத்து மணி நேரம் யாரும் பார்க்காமல் போகிறது. நாளின் உண்மையான சராசரி வேண்டுமென்றால் அந்தப் பத்து மணி நேரத்தில் நடந்தது தெரிய வேண்டும். மூன்று அளவுகளைக் கூட்டி மூன்றால் வகுத்தால் பகலின் சூடு சராசரியை மேலே தூக்கிவிடும். அப்போதைய வானிலை ஆய்வாளர்களை உறுத்திய கேள்வி இதுதான். இந்த உறுத்தலிலிருந்துதான் நம் வளைவு பிறந்தது.

இத்தாலியின் பதுவா நகர வானாய்வகத்தில் வின்சென்சோ கிமினெல்லோ என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 16 மாதங்கள் மணிக்கு மணி வெப்பநிலையைப் பதிந்தார். ஒரு வானியலாளருக்கு இரவு விழிப்பு பழக்கம்தான். ஆனாலும் 16 மாதம் என்பது எளிதல்ல. அவருக்குப் பிறகு பல ஆண்டுகள் அதற்கு இணையான பதிவு எதுவும் வரவில்லை.

வந்தது ஸ்காட்லாந்திலிருந்து. டேவிட் புரூஸ்டர் ஒளியியல் அறிஞர். கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர் என்று பலருக்கும் தெரிந்திருக்கும். எடின்பரோ ராயல் சொசைட்டியின் சார்பில் மணிக்கணக்கான பதிவுக்கு அவர் இடம் தேடினார். எந்த அறிஞர் வீட்டில் ஆண்டு முழுக்க ஒவ்வொரு மணிக்கும் ஆள் விழித்திருப்பார்? விழித்திருப்பதையே கடமையாகக் கொண்ட ஓர் இடம் எடின்பரோவின் துறைமுகத்தில் இருந்தது: லீத் கோட்டை. அங்கே இரவும் பகலும் காவல் உண்டு. காவலில் இருந்த படைவீரர்கள் 1824, 1825 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மணிக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து எழுதினார்கள். 1824 நெட்டாண்டு. ஆக, இரண்டு ஆண்டுக்கு 17,544 மணி நேரம். வட கடல் காற்று வீசும் ஜனவரி இரவில் நான்கு மணிக்கு வெப்பமானியின் முன் நின்ற அந்த மனிதர்களின் பெயர்கள் பாடநூல்களில் இல்லை. அவர்கள் பார்த்த எண்களோ வெகுகாலம் ஐரோப்பிய வானிலை நூல்களில் வந்துகொண்டே இருந்தன.

அந்த எண்களிலிருந்து புரூஸ்டர் கண்ட முதன்மையான முடிவு இது: நாளின் சராசரி வெப்பநிலை இரண்டு வேளைகளில் வருகிறது. லீத்தில் அவை காலை 9 மணி 13 நிமிடம், இரவு 8 மணி 27 நிமிடம். நடுவே 11 மணி 14 நிமிட இடைவெளி. நம் ராட்டினக் கணக்குப்படி இந்த இடைவெளி சரியாக 12 மணி நேரம் இருக்க வேண்டும். முக்கால் மணி நேரம்தான் குறைகிறது. சைன் வளைவு உண்மைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, எவ்வளவு விலகியிருக்கிறது என்ற இரண்டையும் ஒரே எண் சொல்லிவிட்டது. புரூஸ்டர் மட்டும் அதை அப்படிப் பார்க்கவில்லை. வளைவை நான்கு துண்டாக்கி, ஒவ்வொன்றும் ஒரு பரவளையத்தை ஒத்திருப்பதாகக் காட்டினார். பொருத்தம் மோசமில்லை. ஆனால் துண்டு துண்டாக வைத்த வளைவு, நேற்றும் இன்றும் நாளையும் ஒரே சுற்று என்ற உண்மையைப் பிடிக்காது.

அதைப் பிடித்துத் தந்தவர் இன்னொரு வானியலாளர். கூனிக்ஸ்பர்க் நகரின் பிரீட்ரிக் வில்ஹெல்ம் பெசல், வணிக நிறுவனத்தில் பயிற்சிப் பையனாகத் தொடங்கித் தானே வானியல் கற்றவர். 1828-இல் ஒரு வானியல் இதழில், சுழன்று வரும் எந்த நிகழ்வுக்கும் அதன் விதியை அளவுகளிலிருந்து எப்படிக் கண்டெடுப்பது என்று எழுதினார். விதை அவருடையது மட்டுமல்ல. க்ளேரோ, லக்ராஞ்சு, காஸ் ஆகியோர் கோள்களின் பாதைக்கு இதைப் போன்றதைச் செய்திருந்தார்கள். பெசல் அதை எல்லோருக்குமான கருவியாக்கினார். ஜெர்மன் வானிலை நூல்களில் இது வெகுகாலம் பெசல் சூத்திரம் என்றே வழங்கியது.

அந்த வழியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை, ஏனென்றால் பள்ளி மாணவரும் செய்யக்கூடியது. ஒரு நாளின் 24 மணி நேர அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கூட்டி 24-ஆல் வகுத்தால் சராசரி. அடுத்து, ஒவ்வொரு மணிக்கும் 15 பாகை. நள்ளிரவு 0 பாகை, ஒரு மணி 15, இரண்டு மணி 30 என்று போகும். ஒவ்வொரு அளவையும் அந்த மணிக்குரிய கோணத்தின் கொசைனால் பெருக்கி, கூட்டி, 12-ஆல் வகுக்கவும். அதேபோல் சைனால் பெருக்கி, கூட்டி, 12-ஆல் வகுக்கவும். கிடைத்த இரண்டு எண்களும் 24 மணி நேர அலையின் வீச்சையும் உச்ச நேரத்தையும் சொல்லிவிடும். மணிக்கு 30 பாகை வைத்து இதையே திரும்பச் செய்தால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும் இரண்டாவது அலை கிடைக்கும். 45 பாகை வைத்தால் எட்டு மணி நேர அலை. இதில் வியப்பு என்னவென்றால், இரண்டாவது அலையைச் சேர்த்தாலும் முதல் அலையின் எண்கள் மாறுவதில்லை. ஒவ்வோர் அலையும் தன் பங்கைத் தனியே எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறது. பிழைகளின் வர்க்கக் கூட்டலை மிகக் குறைவாக்கும் பொருத்தமும் இதுவே.

ஹாலே நகரப் பேராசிரியர் லுட்விக் கெம்ட்ஸ் 1831-இல் வெளியிடத் தொடங்கிய வானிலைப் பாடநூலில் பதுவாவின் எண்களும் லீத்தின் எண்களும் சைன் வரிசைகளாக எழுதப்பட்டன. நாள் வெப்பத்தின் வளைவு பாடநூலில் ஏறிய இடம் என்று இதைக் கொள்ளலாம். கெம்ட்ஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு விதியும் உண்டு: காலை 7 மணி அளவு, பிற்பகல் 2 மணி அளவு, இரவு 9 மணி அளவின் இருமடங்கு, மூன்றையும் கூட்டி நான்கால் வகு. விழித்திருக்கும் மூன்று வேளைகளிலிருந்து இரவையும் சேர்த்த சராசரியைப் பெறும் வழி. ஜெர்மனியில் இருபதாம் நூற்றாண்டு முடியும்வரை இது நடைமுறையில் இருந்தது.

ஏன் சைன் பொருந்துகிறது? பொருந்துகிறது என்று காண்பது வேறு, ஏன் என்று அறிவது வேறு. அந்த ஏனுக்குப் பதில் வைத்திருந்தவர் ஜோசப் ஃபூரியே. 1768-இல் பிரான்சின் ஓசேர் நகரில் ஒரு தையற்காரருக்கு மகனாகப் பிறந்து, பத்து வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தவர். நெப்போலியனோடு எகிப்து போனார். திரும்பி வந்ததும் 1802-இல் கிரனோபிள் நகரை மையமாகக் கொண்ட மாவட்டத்துக்கு ஆட்சியாளரானார். அந்தப் பொறுப்போடு வெப்பம் திடப்பொருளில் எப்படிப் பரவுகிறது என்ற ஆராய்ச்சியையும் நடத்தினார். 1807-இல் பாரிசில் சமர்ப்பித்தபோது லக்ராஞ்சு ஏற்கவில்லை. 1811-இல் திருத்தி எழுதிய ஆய்வுக்குப் பரிசு கிடைத்தது. புத்தகம் 1822-இல் வந்தது.

ஃபூரியே தம் சமன்பாட்டை நிலத்தின் மேல் வைத்துப் பார்த்தார். மேற்பரப்பின் வெப்பம் சைன் அலையாக ஏறி இறங்கினால், மண்ணுக்குள்ளும் அது சைன் அலையாகவே இறங்குகிறது. ஆழம் போகப் போக வீச்சு சுருங்கும், உச்சம் தாமதமாகும், வடிவம் மட்டும் மாறாது. வேறெந்த வளைவுக்கும் இந்தக் குணம் கிடையாது. எந்த வடிவத்தைக் கொடுத்தாலும் மண் அதை அலைகளாகப் பிரித்து, வேகமாகச் சுற்றும் அலையை முதலில் அழித்து, மெதுவான அலையை ஆழத்துக்கு விடுகிறது. நாள் அலையைவிட ஆண்டு அலை 365-இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 19 மடங்கு ஆழம் போகும். ஆக, சைன் என்பது வரைந்து பொருத்திய கோடு மட்டுமல்ல. வெப்பத்தின் இயல்புக்கே ஒத்த வடிவம்.

இந்தக் கணக்கைச் சோதிக்க எடின்பரோவில் ஜே. டி. ஃபோர்ப்ஸ் 1837-இல் நிலத்துக்குள் வெப்பமானிகளைப் புதைத்தார். ஆழம் 3, 6, 12, 24 பிரெஞ்சு அடி. வெப்ப மண்டலத்திலும் இதைப் பார்க்க வேண்டாமா? திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் நிறுவிய திருவனந்தபுரம் வானாய்வகத்தில் ஜான் கால்டிகாட் 1842 முதல் 1845 வரை மண்ணின் வெப்பத்தைப் பதிந்தார். ஃபோர்ப்ஸ் வழியாக அது எடின்பரோவில் 1849-இல் அச்சானது. கால்டிகாட்டுக்குப் பின் வந்த ஜான் ஆலன் புரூன் ஒருபடி மேலே போய், 1855-இல் அகத்தியமலை உச்சியிலேயே ஓர் ஆய்வகம் அமைத்தார். இன்றும் அனுமதி வாங்கி, நடந்தே ஏற வேண்டிய மலை. காடும் மழையும் குளிரும் சூழ்ந்த அந்த உச்சியில் உதவியாளர்கள் தங்கி அளவெடுத்தார்கள். லீத் கோட்டைக் காவலர்களுக்குச் சொன்ன நன்றியை இவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

இனி, விட்டு வந்த கேள்வி: நாளின் மிகக் குளிர்ந்த நேரம் எது? உண்மையில் குறைந்தபட்சம் சூரியன் எழும் நேரத்தை ஒட்டி வருகிறது. அங்கிருந்து எட்டு ஒன்பது மணி நேரத்தில் உச்சம்; பிறகு பதினைந்து மணி நேர இறக்கம். ஒற்றை ராட்டினத்தால் இது முடியாது. காரணம் எளிமையானது: இரவில் சூரியன் இல்லை, ஆனால் இரவில் எதிர்மறை வெயிலும் இல்லை. இரவும் பகலும் சமமான ஒரு நாளில் நண்பகல் வெயிலை 1 என்று கொண்டால், பெசல் வழியில் பிரிக்கும்போது சராசரி 0.318, 24 மணி அலை 0.5, 12 மணி அலை 0.212. முதல் அலையை மட்டும் வைத்தால் நள்ளிரவில் வெயில் சுழியத்துக்குக் கீழே 0.18 என்று வரும். அப்படி ஒன்று கிடையாது. இரண்டாவதையும் சேர்த்தால் நண்பகல் 1.03, நள்ளிரவு 0.03. இரண்டே அலைகளில் உண்மையைத் தொட்டுவிட்டோம். காற்றின் வெப்பத்திலும் இந்த இரண்டாவது அலை வந்து, ஏற்றத்தைச் செங்குத்தாக்கி இறக்கத்தைச் சாய்வாக்குகிறது. உச்சம் நண்பகலில் வராமல் தள்ளிப்போவதும் ஃபூரியே கணக்கில் உண்டு. உள்ளே வரும் வெப்பம் முழுவதும் மண்ணுக்குள்ளேயே போனால் மேற்பரப்பின் உச்சம் 45 பாகை, அதாவது 3 மணி நேரம் பின்தங்கும். உண்மையில் ஒரு பங்கு காற்றுக்கும் நீராவிக்கும் போய்விடுவதால் நிலத்தின் உச்சம் இன்னும் முன்னால் வருகிறது. மேலே உள்ள காற்றின் உச்சம் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு வருகிறது.

இரவு விழிப்பை முடிவுக்குக் கொண்டுவந்தது ஒளிப்படம். 1868-இலிருந்து பிரிட்டனிலும் அயர்லாந்திலுமாக ஏழு ஆய்வகங்களில் வெப்பமானியின் பாதரச நூலில் ஒரு சிறு காற்றுக்குமிழ் வைத்து, அதன் வழியே விளக்கொளியைப் பாய்ச்சினார்கள். கடிகாரம் சுழற்றும் உருளையில் சுற்றிய ஒளிப்படத்தாளில் வளைவு தானே பதிந்தது. மனிதர் தூங்கலாம். ஆனால் புதிய சிக்கல்: குவியும் வளைவுகளை யார் பெருக்கிக் கூட்டுவது? பதினைந்து பதினாறு வயதில் ஃபூரியேவின் புத்தகத்தைப் படித்து மயங்கிய வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, தம் அண்ணன் ஜேம்ஸ் தாம்சன் வடிவமைத்த தட்டு, உருண்டை, உருளை அமைப்பை வைத்து ஓர் இயந்திரம் செய்தார். வளைவின் மேல் ஒரு முள்ளை ஓட்டினால் அலைகளின் அளவு எண்களாக வரும். கடல் ஓதத்துக்கு நினைத்த கருவி வெப்ப வளைவுக்கும் பயன்பட்டது. 1880-ஐ ஒட்டி லண்டன் வானிலை அலுவலகத்தில் அது வேலைக்கு வந்தது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

இதுவரை நடந்தது அளவுகளிலிருந்து வளைவு. இருபதாம் நூற்றாண்டில் ஆறு எதிர்த்திசையில் ஓடத் தொடங்கியது. வளைவின் வடிவம் தெரிந்துவிட்டதால், அதிகபட்சமும் குறைந்தபட்சமும் மட்டும் போதும், மீதியை வளைவு தரும் என்றார்கள். கேட்டவர்கள் பயிர், பூச்சி ஆய்வாளர்கள். பயிர் முதிர்வதற்கு இத்தனை வெப்பம் சேர வேண்டும் என்ற எண்ணத்தை 1735-இலேயே பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் சொல்லியிருந்தார். பூச்சிக்கும் ஒரு வாசல் வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே வளர்ச்சி நிற்கும். ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சிக்கு அது 10 டிகிரி.

இப்போது குறைந்தபட்சம் 4, அதிகபட்சம் 14 ஆன ஒரு நாளை எடுங்கள். சராசரி 9. பத்துக்குக் கீழே; ஆகவே பூச்சி வளரவில்லை என்று பழைய கணக்கு சொல்லும். ஆனால் பிற்பகலில் 14 இருந்ததே! சைன் வளைவை வரைந்தால் பத்து டிகிரிக்கு மேலே சுமார் பத்தரை மணி நேரம் கழிகிறது. வளைவுக்கும் பத்து டிகிரிக் கோட்டுக்கும் நடுவே உள்ள பரப்பு 1.12 டிகிரி-நாள் (வாசலுக்கு மேலே ஒரு டிகிரி ஒரு நாள் முழுக்க நீடித்தால் ஒரு டிகிரி-நாள்). சுழியம் அல்ல. இப்படிப் பத்து நாள் போனால் 11 டிகிரி-நாள் கணக்கிலிருந்து காணாமல் போகும். மருந்தடிக்கும் நாள் தவறும். 1969-இல் பாஸ்கர்வில், எமின் என்ற இருவர் சூழலியல் இதழ் ஒன்றில் எழுதிய நான்கு பக்கக் கட்டுரை இந்தப் பரப்பைக் காணும் வழியைத் தெளிவாகத் தந்தது. 1976-இல் ஆலன் அதைத் திருத்தினார்: இன்றைய உச்சத்துக்கு இருபுறமும் உள்ள குறைந்தபட்சங்கள் வேறு வேறாக இருக்கும் என்பதால் அரை நாளுக்கு ஒரு சைன். 1981-இல் கொலராடோவின் பார்ட்டன், லோகன் இருவரும் பகலுக்கு சைன், மாலைக்குப் பிறகு மெல்லத் தேயும் அடுக்குக்குறி வளைவு என்று பிரித்தார்கள். இரவில் வெயில் இல்லை, குளிர்தல் மட்டுமே நடக்கிறது என்ற இயற்பியலுக்கு இது நேர்மையான வழி. இன்றைய பயிர் மாதிரிகள் பலவற்றில் இந்த மூன்றில் ஒன்றோ அதன் வழித்தோன்றலோ இருக்கிறது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பதுவாவும் லீத்தும் கொலராடோவும் தந்த வடிவத்தை எல்லா ஊருக்கும் அப்படியே போடக் கூடாது. சென்னையின் மே மாதத்தைப் பாருங்கள். காலையிலிருந்து விறுவிறுவென்று ஏறும் வெப்பம், நண்பகலை ஒட்டிக் கடற்காற்று நுழைந்ததும் நின்று இறங்கிவிடும். கடற்காற்று தாமதமான நாளில் 40-ஐத் தாண்டும். பிற்பகல் 3 மணிக்கு உச்சம் என்று வைத்த சைன் வளைவு அந்த நகரத்தில் பொய் சொல்லும். மழைக்கால மேகம் மூடிய நாளிலும், குளிர்காற்று புகுந்து இரவிலேயே அதிகபட்சம் வந்துவிடும் ஐரோப்பிய நாளிலும் இதே கதை. பல நாள் சராசரியில் வளைவு அழகாகப் பொருந்தும். தனி ஒரு நாளுக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த எச்சரிக்கையை மென்பொருள்கள் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

நம் பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் என்றால் கோபுரத்தின் உயரமும் கப்பலின் தொலைவும்தான். பதினோராம் வகுப்பில் சைன் வரைபடம் வரும், ஆனால் அது எந்த ஊருடைய வரைபடமும் அல்ல. இன்று தானியங்கி வானிலை நிலையங்கள் மணிக்கு மணி வெப்பநிலையைப் பதிகின்றன. ஒரு வெப்பமானி வாங்கிப் பள்ளியிலும் வீட்டிலும் முறை வைத்துப் பார்த்தும் எழுதலாம். கணித ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுவே: உங்கள் ஊரின் ஒரு மாதச் சராசரி நாளுக்குரிய 24 எண்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். பிள்ளைகளைப் பெருக்கிக் கூட்டச் சொல்லி 12-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். இரண்டு அலைகள் போதும். திருச்சிக்கு வரும் வளைவும் நாகப்பட்டினத்துக்கு வரும் வளைவும் ஒன்றாக இருக்காது. ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.